புளியரை மலையடிவாரத் தேநீர்க் கடை: குப்பையைக் கேட்டு வாங்கும் அண்ணாச்சி

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு செல்லும் சாலையில், புளியரையைத் தாண்டி எஸ் வளைவு ஏறுவதற்குச் சற்று முன், வயலை ஒட்டி ஓட்டுக்கூரை போட்ட ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஏழெட்டு ஆண்டுகளாக நான் அங்கே தேநீர் குடித்துவருகிறேன்.

காலையில் புட்டும் கடலைக்கறியும் வாழை இலைத் துண்டில் கிடைக்கும். ஒன்பது மணிக்கு மேல் போனால் பாத்திரம் காலியாகியிருக்கும். மாலையில் போடும் பழம்பொரிக்கு நேந்திரம் பழத்தை நன்றாகக் கனியவிட்டே எடுக்கிறார்கள். தேநீரில் இனிப்புத் தூக்கல் என்பதால் சர்க்கரையைக் குறைக்க முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எல்லாம் எவர்சில்வர் தம்ளரில்தான். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும் பல கடைகளில் அவை தாராளமாகப் புழங்குகின்றன. இங்கே அவசரத்துக்குக் கேட்டாலும் கிடைக்காது.

ஆனால் இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் வேறு. கடந்த ஆடியில், சாரலுக்குக் குற்றாலம் வந்து மலைக்குப் புறப்பட்ட ஒரு வெளியூர்க் குடும்பம் கடைக்கு எதிரே காரை நிறுத்தி, கொண்டுவந்திருந்த பரோட்டாவைச் சாப்பிட்டு முடித்தது. அதில் ஒரு இளைஞர் சால்னாப் பையை அப்படியே வாய்க்காலில் வீசினார். ஆற்றிக்கொண்டிருந்த தேநீரை மேடையில் வைத்துவிட்டு, அண்ணாச்சி ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போனார். “தம்பி, சாப்பாடு நல்லா இருந்துச்சா? அந்தக் கவர எடுத்து இதுல போட்டுருங்க. இந்தத் தண்ணி வயலுக்குப் போவுது” என்றார். குரல் உயரவில்லை. இளைஞர் தன் அப்பாவைப் பார்த்தார்; அப்பா தலையசைத்ததும் வாய்க்காலில் இறங்கினார். பை மடைவாயில் சிக்கி, அதைச் சுற்றிச் சிவந்த எண்ணெய் வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது. அவர் அதை இரு விரல்களால் தூக்கிச் சாக்கில் போட்டதும், அண்ணாச்சி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கை கழுவ ஊற்றினார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நாற்று நட இறங்கிய அக்கா ஒருவரின் பாதத்தில் உடைந்த மதுப்புட்டியின் சில்லு ஏறி, தையல் போட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்துதான் அந்தச் சாக்கு கல்லாப்பெட்டிக்கு அருகில் தொங்குகிறது. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் வரிசையாக நிற்கும். அப்போது “சாமி, இலைய இதுல போடுங்க சாமி” என்று வண்டி வண்டியாகப் போய் நிற்பார். யார் வீசியது என்று அவர் ஒருபோதும் விசாரிப்பதில்லை. குடித்துவிட்டுக் கூச்சல் போடும் கூட்டத்திடம் மட்டும் போகமாட்டார். அவர்கள் போன பிறகு தாமே பொறுக்கிவிடுவார். அதையும் நான் சரியென்றே கருதுகிறேன்.

2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர்ப் பகுதியில் கொட்டப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி கேரள அரசே அதை லாரிகளில் திரும்ப ஏற்றிச் சென்றபோது, எங்கள் பக்கத்தில் அதைப் பேசாத வாய் இல்லை, பேசியது நியாயமும்கூட. ஆனால் நம்மவர்களின் காரிலிருந்தே விழும் பைகளை நாம் கண்டும் காணாமல் இருந்துவிடுகிறோம். மலைக்கு அப்பால், குப்பை போடுபவரைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அபராதத்தில் ஒரு பங்கைச் சன்மானமாகத் தரும் ஏற்பாடு கேரளத்தில் இருக்கிறது. அது வேண்டிய ஏற்பாடுதான் என்றாலும், வாய்க்காலில் விழுந்த பை அதே நிமிடத்தில் வெளியே வருவதை நான் பார்த்தது இந்தக் கடை வாசலில்தான்.

கடையில் ஒரு குறையும் உண்டு. வாசலில் வைத்திருக்கும் குப்பைக்கூடைக்கு மூடி இல்லாததால், நடுப்பகலில் குரங்குகள் இறங்கி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுவிடுகின்றன. அண்ணாச்சி கேட்டு வாங்கியவற்றில் பாதி மறுபடி சாலைக்கே வந்துவிடுகிறது. இதை அவரிடமே சொன்னேன். கம்பிவலை மூடி செய்யக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். சாக்கில் சேர்பவை வாரத்துக்கு இருமுறை வரும் தூய்மைப் பணியாளர்களிடம் போகின்றன.

என் வீடும் சாலையோரம்தான். வெளியூர்க்காரர்களிடம் நமக்கு எதற்கு வம்பு என்று இத்தனை காலம் வீட்டுக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்தவர்கள் தண்ணீர்ப் புட்டிகளை வேலியோரம் எறிந்தபோது, முதன்முறையாகச் சாக்குடன் போய் நின்றேன். குரல் நடுங்கியது. இரண்டு பெண்கள் இறங்கி வந்து பொறுக்கித் தந்தார்கள். ஓட்டுநர் ஏதோ சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார், மீதியை நான் எடுத்துப் போட்டேன். மறுநாள் தேநீர் குடிக்கும்போது இதைச் சொன்னதும், அண்ணாச்சி உள்ளே போய் ஒரு பழைய உளுந்துச் சாக்கை உதறி, மடித்து என் கையில் கொடுத்தார்.