டோக்கன் பத்தாயிரம், இழப்பு இரண்டு லட்சம்: பழைய லாரி விற்பவர்கள் கவனத்திற்கு

சங்ககிரி பக்கம் ஒரு பத்து சக்கர வண்டி விற்பனைக்கு வந்தது. 2017 மாடல், பி.எஸ்.4 (புகை அளவுத் தரம்), ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) மொத்த எடை 25 டன், நேஷனல் பர்மிட் (வெளிமாநிலம் ஓட்ட அனுமதி). உரிமையாளருக்கு இருந்தது அந்த ஒரு வண்டிதான். புரோக்கர் போனில் கேட்ட முதல் கேள்வி: "என்ன வெலை எதிர்பாக்கறீங்கண்ணா?" யோசிக்காமல் வந்த பதில்: "பதினாலு." எதை வைத்துப் பதினாலு என்று அவரிடம் கணக்கு எதுவும் இல்லை. பக்கத்து ஊரில் யாரோ அந்த விலைக்குக் கொடுத்ததாகக் கேள்வி, அவ்வளவுதான்.

மறுநாளே பார்ட்டி வந்தது. வண்டியைச் சுற்றி ஒரு பார்வை, டீ, பேச்சு, 13.25 லட்சத்துக்கு முடிவு. டோக்கன், அதாவது முன்பணம், 10,000 ரூபாய் கையில். "இனிமே லோடு போடாதீங்கண்ணா, பத்து நாள்ல முழுப் பணத்தோட வர்றோம்." வண்டி நின்றது. விசாரித்த வேறு இரண்டு பேரிடமும் விற்றாகிவிட்டது என்று சொல்லியாகிவிட்டது.

பத்து நாள் கழித்து பணத்துக்குப் பதில் மெக்கானிக் வந்தார். பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது (எஞ்சின் தேய்ந்து புகை பின்தள்ளுவது), கிரௌனில் (பின் ஆக்ஸில் பல்சக்கரத்தில்) சத்தம் என்று 85,000 குறைந்தது. எஃப்.சி. (தகுதிச் சான்று) இரண்டு மாதத்தில் முடிகிறது என்று 45,000. பின்பக்க டயர்கள் ரீட்ரேட் (மேல் ரப்பர் புதிதாக ஒட்டியவை) என்று 30,000. பைனான்ஸ் என்.ஓ.சி. (கடன் தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்று) கைக்கு வரும்வரை என்று 50,000 நிறுத்திவைப்பு; அது கடைசிவரை வரவேயில்லை. கையில் நின்றது 11.15 லட்சம். அடுத்த மாதம் அதே வண்டி, அதே டயரோடு, 13.90 என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது.

இதில் புகார் கொடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ஒவ்வொரு குறைப்புக்கும் அவரே தலையாட்டியிருக்கிறார். வண்டி பத்து நாளாக ஓடவில்லை, தவணை தேதி வந்துவிட்டது, வேறு ஆள் கையில் இல்லை. தலையாட்டாமல் என்ன செய்வார்? குறைத்த நான்கு காரணங்களும் முதல் நாளே வண்டியில் இருந்தவை. விலை சொல்லும் முன்பே அவற்றைக் கணக்கில் எடுத்திருந்தால் அவை மறுபடி பேரத்துக்கு வந்திருக்காது.

ஆகவே யாரிடமும் வாய் திறந்து விலை சொல்லும் முன், ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்.

முதலில் சந்தை விலை. விளம்பரத்தில் போட்டிருப்பது கேட்கிற விலை. கைமாறிய விலை அல்ல. ஒப்பிடும் வண்டி அதே உற்பத்தி வருடம், அதே சக்கரம், அதே பாடி நீளம், அதே பி.எஸ். ஆக இருக்க வேண்டும். டிசம்பரில் தயாராகி பிப்ரவரியில் பதிவான வண்டியைப் பதிவு வருடத்தை வைத்து விலை சொன்னால், ஆர்.சி.யில் உற்பத்தி மாதத்தைக் காட்டி முதல் வெட்டு அங்கேயே விழும். இன்னொரு நல்ல அளவுகோலைப் பலர் பயன்படுத்துவதில்லை: பழைய வண்டிக்குக் கடன் கொடுக்கும் இரண்டு மூன்று பைனான்ஸ்களில் "இந்த மாடலுக்கு எவ்வளவு ஃபண்டிங் தருவீங்க?" என்று கேளுங்கள். பழைய லாரி வாங்குபவர்களில் பெரும்பாலோர் கடனில்தான் எடுக்கிறார்கள். ஃபண்டிங்கோடு அவர்கள் கையிலிருந்து போடக்கூடிய தொகையைச் சேர்த்தால் வருவதுதான் சந்தையின் உச்சம். இன்சூரன்சில் இருக்கும் ஐ.டி.வி.யை (காப்பீடு செய்த மதிப்பை) விலையாகச் சொல்லாதீர்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அது கம்பெனியும் நீங்களும் பேசி வைத்துக்கொள்ளும் தொகை. அதை வைத்து யாரும் பணம் எண்ண மாட்டார்கள்.

பர்மிட் ஆயுள் அடுத்தது. நேஷனல் பர்மிட்டுக்கு வயது வரம்பு உண்டு: இரண்டு ஆக்ஸில் (ஆறு சக்கர) வண்டிக்கு 12 வருடம், மல்ட்டி ஆக்ஸிலுக்கு (பத்து சக்கரமும் அதற்கு மேலும்) 15 வருடம். வாங்குபவர் மனதில் ஓடுவது "இன்னும் எத்தனை வருடம் வெளிமாநில லோடு அடிக்கலாம்?" என்ற கணக்கு. பத்து வருடமான ஆறு சக்கர வண்டிக்கும் பத்து வருடமான பத்து சக்கர வண்டிக்கும் விலை ஒரே மாதிரி இறங்காததற்கு இது முக்கியக் காரணம். வரம்புக்கு ஒரு வருடம் இருக்கும்போது விற்க உட்காராதீர்கள். மூன்று வருடம் மிச்சம் இருக்கும்போதே முடிவெடுங்கள்.

எஃப்.சி. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடா வருடம். மூன்று மாதத்துக்குள் முடிகிறது என்றால் நீங்களே எடுத்துவிட்டு விற்பதுதான் எங்கள் அபிப்பிராயம். பிரேக், லைட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், பாடியில் சில்லறை வெல்டிங் என்று உங்களுக்கு ஆகிற செலவு ஒரு ரூபாய் என்றால், வாங்குபவர் அதைச் சாக்காக வைத்துக் குறைப்பது இரண்டு ரூபாய். இன்சூரன்சும் அப்படித்தான். 20 முதல் 40 டன் வரையுள்ள லாரிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் 2022 விகிதப்படி 43,950 ரூபாய், வரி தனி. பாலிசியில் எத்தனை மாதம் மிச்சம் இருக்கிறதோ அதற்கான தொகையை விலையில் சேர்த்துச் சொல்லுங்கள். முழு பெயிண்ட் அடிப்பதும் புது டயர் போடுவதும் மட்டும் வேண்டாம். போட்ட காசு திரும்பாது, "எதை மறைக்க அடிச்சீங்க?" என்ற கேள்விதான் வரும்.

டயரில்தான் கண்ணெதிரே ஏமாற்று அதிகம். "டயரெல்லாம் போச்சுங்க" என்ற ஒரே வரியில் 30, 40 ஆயிரம் கழிப்பார்கள். கேஜ் வைத்து ஒவ்வொரு டயரின் பட்டன் (ரப்பர் பள்ளம்) ஆழத்தையும் நீங்களே அளந்து எழுதுங்கள், ஸ்டெப்னியோடு பதினொன்று. புது ரேடியல் 16 மி.மீ., 3 மி.மீ.யில் கழற்றிவிடுவோம் என்றால் ஓடக்கூடியது 13 மி.மீ. இப்போது 8 இருந்தால் மிச்சம் 5. புது டயர் 22,000 என்று வைத்தால் 22,000-ஐ 13-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் சுமார் 8,460 ரூபாய். ரீட்ரேட் போடத் தகுந்த கேசிங் (டயரின் அடிப்பாகம்) என்றால் அதன் விலை தனி. ஒவ்வொரு டயரின் சீரியல் எண்ணையும் தயாரிப்புத் தேதியையும் குறியுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கமாக 3521 என்றிருந்தால் 2021-ன் 35-வது வாரம். ஒப்பந்தத்தில் இந்த எண்கள் ஏறிவிட்டால், டெலிவரி அன்று "பார்த்தப்போ வேற டயர் இருந்துச்சு" என்ற பேச்சு எழாது.

எஞ்சினைப் பற்றி அடுத்தவர் மெக்கானிக் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது. உங்கள் மெக்கானிக்கிடம் முன்னாடியே காட்டுங்கள். வண்டி சூடானபின் ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவி இயல்பு. குபுகுபுவென்று புகை தள்ளினால்தான் பேக் கம்ப்ரஷன் பேச்சு. கிரௌன் சத்தத்தை ஆக்சிலேட்டரை விடும்போதும் மிதிக்கும்போதும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சேசிஸில் வெல்டிங், விரிசல் இருந்தால் மறைக்காமல் விலையிலேயே கழித்துவிடுங்கள். வேலை என்ன, எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கி வைத்திருந்தால், வந்தவர் 85,000 என்று சொல்லும்போது உங்கள் தாளில் 35,000 இருக்கும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால்கூடக் கரும்புகை வரும். அதை எஞ்சின் வேலை என்று சொல்லி விலை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டை வீடியோ எடுத்து வையுங்கள். வந்தவர்கள் கேபினைத் தூக்கிப் பார்க்கும்போது வண்டியை விட்டு நகராதீர்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் மறந்து மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 2025 ஜனவரி 25 முதல், பதிவு பெற்றவர் பழைய வண்டி விற்றால் மார்ஜினுக்கு 18% வரி. லாரிக்கு முன்பு 12% இருந்தது. தேய்மானம் எடுத்திருந்தால் விற்ற விலையிலிருந்து புத்தக மதிப்பை (தேய்மானம் போக மிச்சம் நிற்கும் மதிப்பை) கழித்தது மார்ஜின். 30 லட்சத்துக்கு வாங்கி, வாடகை லாரிக்குரிய 30% தேய்மானம் ஆறு வருடம் எழுதினால் புத்தக மதிப்பு சுமார் 3.53 லட்சம். 12 லட்சத்துக்கு விற்றால் மார்ஜின் 8.47 லட்சம், வரி ஒன்றரை லட்சத்துக்கு மேல். "எல்லாம் சேர்த்து 12" என்று வாய்வார்த்தை கொடுத்தால் அது உங்கள் கையிலிருந்து போகும். வண்டி வாங்கியபோது உள்ளீட்டு வரி (கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால் கணக்கே வேறு. ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு விலை சொல்லுங்கள்.

கடன் இருந்தால் ஃபோர்குளோஷர் தொகையை (முன்கூட்டியே முழுதாக அடைக்க ஆவதை) எழுத்தில் வாங்குங்கள். அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். "டியூவை நானே கட்டிக்கறேன், வண்டியைக் கொடுங்க" என்பவரிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள். இரண்டு தவணை வரும், பிறகு போன் அணைந்திருக்கும், வண்டி எங்கோ உடைக்கப்பட்டிருக்கும். பைனான்ஸ் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கும் ஜாமீன் போட்டவர் வீட்டுக்கும் வரும்.

இத்தனையும் கழித்துக் கூட்டினால் மூன்று எண்கள் கிடைக்கும்: இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்பது, முடியும் என்று எதிர்பார்ப்பது, வெளியே சொல்வது. மூன்றாவது, இரண்டாவதைவிட ஐந்து, ஆறு சதவீதம் மேலே இருந்தால் போதும். பேரத்துக்கு இடம் வேண்டும் என்று ஒன்றரை லட்சம் ஏற்றிச் சொன்னால் விவரமான ஆள் போனே பண்ண மாட்டார்; பேரம் பேசுவதையே தொழிலாக வைத்திருப்பவர் மட்டும் வருவார். விலையை ஐந்து புரோக்கர்களிடம் சொல்லாதீர்கள். அவரவர் கமிஷனைச் சேர்த்து ஒரே வண்டி ஐந்து விலையில் சுற்றும், இரண்டு வாரத்தில் "அந்த வண்டியா, ரொம்ப நாளா நிக்குதே" என்று பெயர் கெட்டுவிடும். ஒருவர், அதிகம் போனால் இருவர்; கமிஷன் யார் தருவது என்பது முதல் நாளே பேசியிருக்க வேண்டும்.

டோக்கன் வாங்கும் முன் மெக்கானிக் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். இந்த வரிசையை மட்டும் மாற்றவே கூடாது. டோக்கன் பத்தாயிரமாக இருந்தால் வாங்குபவருக்கு இழப்பு பயம் இல்லை, உங்கள் வண்டி மட்டும் கட்டிப்போடப்படுகிறது. குறைந்தது 50,000, வங்கி மூலம். ஒரு தாளில் முடிவான விலை, பரிசோதனை முடிந்து, வண்டி இருக்கிற நிலையிலேயே ஏற்றுக்கொண்டது, டயர் எண்கள், எஃப்.சி. யார் பொறுப்பு, என்.ஓ.சி. எப்போது, எத்தனை நாளில் முழுப் பணம், தவறினால் டோக்கன் என்ன ஆகும் என்று எழுதி இருவரும் கையெழுத்து. அதுவரை வண்டியை உள்ளூர் லோடாவது ஓட்டுங்கள்.

மீதிப் பணம் ஆர்.டி.ஜி.எஸ். ஆக மட்டும். போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட் பணம் அல்ல. உங்கள் கணக்கில் ஏறியபின் சாவி. ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வருமான வரிச் சட்டப்படி வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வாங்கியவர் மேல்தான் விழும்.

பெயர் மாற்றத்துக்கான 29, 30 பாரங்களில் வெற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வண்டியை அனுப்புவது இன்றும் நடக்கிறது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. வாங்குபவர் பெயர், தேதி நிரப்பிய பாரத்தில் மட்டும் கையெழுத்திடுங்கள். மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஒப்புகை வாங்க வேண்டும். பழைய வண்டி டீலரிடம் ஒப்படைத்தால் 2023 ஏப்ரல் முதல் வந்த விதிப்படி அவருக்கு அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று பார்த்து, ஒப்படைத்த தகவலை 29சி பாரத்தில் பதிவுசெய்யுங்கள். டெலிவரி ரசீதில் தேதி, மணி, ஓடிய கிலோமீட்டர், எடுத்துப்போகும் டிரைவரின் லைசென்ஸ் எண் நான்கும் இருக்கட்டும். ஃபாஸ்டேக்கை அன்றே முடக்குங்கள். இல்லையென்றால் அடுத்த சுங்கச்சாவடிக் கட்டணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.