சப்யூட்டியோவில் ஆஃப்சைடு: வைத்து ஆடுவதா, விட்டுவிடுவதா?

சப்யூட்டியோ என்பது பீட்டர் அடால்ஃப் 1947இல் இங்கிலாந்தில் விற்கத் தொடங்கிய, மேசையில் பொம்மை வீரர்களை விரலால் சுண்டி ஆடும் கால்பந்து. எதிரணித் தடுப்பு வீரர்களைத் தாண்டி கோல் பக்கம் காத்து நின்று பந்து வாங்கக் கூடாது என்கிற ஆஃப்சைடு விதியை இதில் விட்டுவிட்டால் ஆட்டம் வேகம்தான், சண்டையும் குறைவு. ஆனால் எதிராளி இரண்டு பொம்மைகளைக் கோல்கீப்பரின் மூக்குக்கு நேரே நிறுத்தி வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து நீளமாக ஒரு சுண்டு சுண்டினால் போதும், பாஸ் போட்டு முன்னேற வேண்டிய அவசியமே இல்லை. ஒரே பொம்மை தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் பந்தைச் சுண்டக் கூடாது என்ற அழகான விதியும் அப்புறம் சும்மாதான்.

வைத்து ஆடினால்? நிஜக் கால்பந்து போல பாதி மைதானம் முழுக்கக் கணக்குப் பார்க்க வேண்டாம், எதிரணியின் ஷூட்டிங் கோட்டுக்கு (பந்து இதைத் தாண்டினால்தான் கோலுக்கு அடிக்கலாம்) அப்பால் மட்டும் பார்த்தால் போதும். சுண்டிய நொடியில் யார் எங்கே நின்றார் என்று மேசையில் கன்னத்தை வைத்துப் பார்த்து வாதாட வேண்டிவரும், சரி, அது நடக்கத்தான் செய்யும்.

சின்னப் பசங்களுக்கு முதல் சில ஆட்டங்கள் இல்லாமலே போகட்டும். மற்றவர்களுக்கு என் ஓட்டு ஆஃப்சைடுக்கே.