ஊசியா, கஷாயமா, தாய் சியா? அன்றாட உபாதைகளுக்குச் சீன மருத்துவம் காட்டும் வழிகள்

சிங்கப்பூரில் எங்கள் வீட்டருகே உள்ள ஒரு சீன மருந்துக் கடையின் பின்புற அறையில், சென்ற ஆண்டு என் அம்மா மூட்டு வலிக்காக சின்சே எனப்படும் சீன மருத்துவர் ஒருவரின் முன் அமர்ந்தார். சின்சே அம்மாவின் இரு மணிக்கட்டுகளிலும் மாறி மாறி மூன்று விரல்களை வைத்து நெடுநேரம் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லி அதன் நிறத்தையும் மேல்படிவையும் கவனித்தார். வாத, பித்த, கப நாடிகளை மூன்று விரல்களால் பிரித்தறியும் சித்த வைத்தியரை ஊரில் பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு அந்த அறை அந்நியமாகத் தோன்றவில்லை. இறுதியில் சின்சே இரண்டு வழிகளைச் சொன்னார்: வாரம் இரண்டு முறையாகப் பத்து அமர்வுகள் ஊசி, அல்லது இரண்டு வாரங்களுக்குக் கஷாயம். அம்மா யோசிக்கவே இல்லை. "ஊசியெல்லாம் வேணாம்னு சொல்லும்மா, கஷாயமே குடுக்கச் சொல்லு. மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது" என்றார்.

முதுகு வலி, மூட்டு வலி, ஒற்றைத் தலைவலி, குமட்டல் போன்ற அன்றாட உபாதைகளுக்குச் சீன மருத்துவத்தை நாடும் நம் குடும்பங்களில் பெரும்பாலும் அம்மாவின் இந்த வாக்கியமே முடிவெடுக்கிறது. ஊசி பயமூட்டுகிறது, கஷாயம் நம்பிக்கை தருகிறது. கிடைக்கும் சான்றுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், பயமும் நம்பிக்கையும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன என்றே எனக்குப் படுகிறது.

முதலில் ஊசி. அக்குபங்சர் ஊசி மருந்து ஏற்றும் ஊசி அன்று. உள்ளே துளை இல்லாத, ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமனே உள்ள எஃகுக் கம்பி. அதைச் சிறு பிளாஸ்டிக் குழாய்க்குள் நிறுத்தி, விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டி இறக்குகிறார்கள். கழுத்து வலிக்காக நான் அதைச் செய்துகொண்டபோது, எறும்பு கடித்தது போன்ற ஒரு கணத்துக்குப் பிறகு, தோலுக்கு அடியில் ஏதோ கனமாக இழுப்பது போன்ற மந்தமான உணர்வு பரவியது. அந்த உணர்வு வந்துவிட்டதா என்று ஒவ்வோர் ஊசிக்கும் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே சின்சே அடுத்ததை எடுத்தார். இருபது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு அதில் இருந்த ஒரே சிரமம்.

இந்த ஊசிக்கு வலி குறைக்கும் ஆற்றல் உண்டா என்ற கேள்வி உலகெங்கும் கடுமையாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 நோயாளிகளின் தரவுகளை ஒன்றுதிரட்டி 2018-ல் வெளியான பகுப்பாய்வு, முதுகு, கழுத்து, தோள், முழங்கால் வலிகளிலும் நாள்பட்ட தலைவலியிலும் ஊசி போட்டுக்கொண்டவர்கள், போட்டுக்கொள்ளாதவர்களைவிடத் தெளிவாகவே தேறினார்கள் என்றும், கிடைத்த பலனில் பெரும்பகுதி ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது என்றும் கண்டது. ஒப்பீட்டுக்காகப் பாவனையாகப் போடும் போலி ஊசியோடு ஒப்பிட்டபோதும் உண்மை ஊசி முந்தியது. ஆனால் அந்த இடைவெளி சிறியது.

அந்தச் சிறிய இடைவெளியின் பொருளை ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு நன்கு விளக்குகிறது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1,162 பேரை மூன்று பிரிவாக்கி நடத்தப்பட்டு, 2007-ல் வெளியான ஆய்வு அது. மரபு குறிக்கும் புள்ளிகளில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 47.6 விழுக்காட்டினர் ஆறு மாதங்களில் குறிப்பிடத்தக்க பலன் பெற்றனர். புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 விழுக்காட்டினரும், மருந்து, உடற்பயிற்சி என வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 விழுக்காட்டினரும் பலன் பெற்றனர். முதல் இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது அன்று. ஆகவே உயிராற்றல் ஓடும் பாதைகளையும் அவற்றின் மீதுள்ள 361 புள்ளிகளையும் பற்றிய மரபு விளக்கத்துக்கு இந்த ஆய்வு ஆதரவு தரவில்லை. தோலில் குத்துவதன் நரம்புத் தூண்டலும், ஒருவர் அரை மணி நேரம் நம் வலிக்கென்றே ஒதுக்கும் கவனமும், தேறுவோம் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்தே வேலை செய்கின்றன போலும். கோட்பாட்டை நம்புகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். இடுப்பு வலியோடு வருகிறவருக்கோ 27-க்கும் 47-க்கும் இடையே உள்ள தூரமே பெரிது.

அரசு அமைப்புகளும் இதனால்தான் ஒரே குரலில் பேசுவதில்லை. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, 2020 முதல் நாள்பட்ட இடுப்பு வலிக்கு 90 நாள்களில் 12 அமர்வுகள் வரை பணம் தருகிறது. பலன் தெரிந்தால் மட்டும் மேலும் எட்டு. சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்போ இடுப்பு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று 2016-லும், மூட்டுத் தேய்மானத்துக்கும் வேண்டாம் என்று 2022-லும் கூறியது. ஆனால் காரணம் புலப்படாத நாள்பட்ட வலிக்கு அதைப் பரிசீலிக்கலாம் என்று 2021-லும், மாத்திரைகள் ஒத்துவராத ஒற்றைத் தலைவலிக்குப் பத்து அமர்வுகள் வரை பரிசீலிக்கலாம் என்று 2012-லும் ஏற்றுக்கொண்டது. தூக்கமின்மை, சோர்வு போன்றவற்றுக்கு ஊசியின் சான்று வலிக்கு உள்ள அளவு உறுதியானது அன்று.

இனி ஆபத்து. ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஒரு பெரும் ஆய்வில், 8.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு பக்கவிளைவைச் சொன்னார்கள். அவற்றில் பெரும்பாலானவை சிறு இரத்தக்கசிவு, கன்றிப்போதல், வலி ஆகியவையே. நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்த கடுமையான பாதிப்பு அத்தனை பேரில் இருவருக்கு ஏற்பட்டது. மார்பிலும் தோள்பட்டையிலும் ஆழமாகக் குத்துவதால் நேரக்கூடிய அந்த ஆபத்து அரிது என்றாலும், பயிற்சி பெறாதவரிடம் போகக் கூடாது என்பதற்கு அதுவே போதிய காரணம். உறையைக் கண்முன்னே பிரித்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசியாக இருக்க வேண்டும்.

அடுத்து, அம்மா நம்பிய கஷாயம். சீன மூலிகைகளில் அரிய மருந்து ஒளிந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. து யூயூ என்ற சீன அறிவியலாளர், பழைய மருத்துவக் குறிப்பு ஒன்று தந்த துப்பைக் கொண்டு, சிங்ஹாவ் என்னும் மாசிபத்திரி இனச் செடியிலிருந்து 1970-களின் தொடக்கத்தில் ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுக்க வழிகண்டார். மலேரியாவிலிருந்து இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்த அந்த மருந்துக்காக 2015-ல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அவர் தந்தது பிரித்து, அளந்து, சோதித்த ஒற்றைப் பொருள். கடையில் நமக்குக் கட்டித் தருவதோ பத்துப் பன்னிரண்டு மூலிகைகளின் கலவை. ஒரே உபாதையோடு வரும் இருவருக்கு வெவ்வேறு கலவை தரப்படலாம். மரபு இதைத் தன் சிறப்பாகக் கருதுகிறது. சோதித்து அறிய விரும்புகிறவருக்கு இதுவே பெருந்தடை.

பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்ததை மறக்கவே முடியாது. உடல் எடை குறைக்கும் சிகிச்சை ஒன்றில் தரப்பட்ட மருந்தில், ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயரால் அதை ஒத்த வேறொரு மூலிகை, ஆடுதீண்டாப்பாளை இனத்தைச் சேர்ந்தது, தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலத்தால் ஏறக்குறைய நூறு பெண்களின் சிறுநீரகங்கள் பழுதாயின. பலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. ஊசியால் இவ்வளவு பேர் ஒருசேரப் பாதிக்கப்படுவதைக் கற்பனை செய்வதும் கடினம். அன்றாடத்துக்கு நெருக்கமான ஆபத்துகளும் உண்டு. இரத்த ஓட்டத்துக்கென்று தரப்படும் டான்ஷென் என்னும் மூலிகை, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்கிறவர்களுக்கு இரத்தக்கசிவை வரவழைக்கக்கூடும். உடனடி வலி நிவாரணி என்று விற்கப்படும் சில 'மூலிகை' மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருந்ததைச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது.

அம்மாவின் பொட்டலத்தை அன்றிரவு சமையலறை மேசையில் பிரித்தேன். காய்ந்த ஆரஞ்சுத் தோல், சிவந்த இலந்தைப் பழங்கள், பெயர் தெரியாத வேர்த்துண்டுகள், அவற்றுக்கிடையே மஞ்சள் நிறத்தில் சாய்வாகச் சீவிய சில வில்லைகள். ஒன்றை நாவில் வைத்ததும் தெரிந்துவிட்டது: அதிமதுரம். சிறுவயதில் இருமலுக்கு அம்மாவே எங்கள் வாயில் அடக்கிக்கொள்ளத் தந்தது. சீனக் கலவைகளில் மிக அதிகமாக இடம்பெறுவதும் அதுதான். நாள்தோறும் மிகுதியாகச் சேர்ந்தால் அது பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். அம்மாவோ பதினைந்து ஆண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர். சின்சே அதைப் பற்றிக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மறுநாள் பலதுறை மருந்தகத்தின் மருந்தாளரிடம் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம் என்றார் அவர். கஷாயமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வேறு மாத்திரை எதுவும் சாப்பிடாத, சிறுநீரகமும் கல்லீரலும் நலமாயிருக்கும் ஒருவர், பதிவுபெற்ற சின்சேயிடம் குறுகிய காலத்துக்கு வாங்கிக் குடிப்பது ஒன்று. முதிய வயதில் நான்கைந்து மாத்திரைகளுக்கு மேல் அதையும் சேர்ப்பது முற்றிலும் வேறு. 'முதலில் ஊசி, அடுத்துச் சூடு, மூன்றாவதாக மருந்து' என்று சீனர்களிடமே ஒரு பழைய வழக்கு உண்டு.

அந்த இரண்டாவதாகிய சூடு, மாசிபத்திரி இனத்து இலையை உலர்த்திச் சுருட்டிப் புள்ளியின் அருகே கனல வைப்பது. இதமாக இருக்கும், ஆனால் புகையும் தீக்காயமும் கவனிக்க வேண்டியவை. 2016 ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் வட்ட வட்டமாகத் தெரிந்த கப்பிங், அதாவது கிண்ணங்களால் தோலை உறிஞ்சி இழுக்கும் சிகிச்சை, விட்ட தடங்களைப் பலர் நினைவில் வைத்திருக்கலாம். தசை இறுக்கத்துக்குத் தற்காலிக ஆறுதல் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

ஊசியே இல்லாமல் விரலால் அழுத்தும் அக்குபிரஷர், ஓர் இடத்தில் மட்டும் நன்றாகத் தேறுகிறது. உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவே உள்ள நெய்குவான் புள்ளியைத் தூண்டுவது, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டலையும் வாந்தியையும் குறைக்கிறது என்று 59 ஆய்வுகளைத் தொகுத்த மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015-ஆம் ஆண்டு மதிப்பாய்வு முடிவு செய்தது. செலவில்லை, ஆபத்தும் ஏறக்குறைய இல்லை. பேருந்துப் பயணத்தில் வயிறு புரட்டும்போது முயன்று பார்க்க எந்தத் தடையுமில்லை. இதையே தமிழ்நாட்டில் பரவலாகியுள்ள தொடு சிகிச்சையோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. ஒரு புள்ளியைத் தொடுவதோடு நிறுத்தாமல், இன்சுலினையும் இரத்த அழுத்த மாத்திரையையும் கைவிடச் சொல்லும் சிலர் அங்கே இருக்கிறார்கள். அந்த அறிவுரை உயிருக்கே உலை வைக்கும். 1938-ல் சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் ஒருவரான பி.கே. பாசு, பின்னாளில் மீண்டும் அங்கே சென்று அக்குபங்சர் கற்று வந்து, கொல்கத்தாவில் அதைத் தொடங்கிவைத்தார். மாத்திரையைக் கைவிடச் சொல்லும் இவர்களைப் போலன்றி, அவர் முறையாகத் தேர்ந்த மருத்துவர்.

இந்த ஒப்பீட்டைத் தொடங்கியபோது நான் கணக்கிலேயே எடுக்காத ஒரு போட்டியாளர் இறுதியில் முன்னே வந்து நின்றது எனக்கே வியப்பு. முழங்கால் தேய்மானம் பற்றி அமெரிக்க வாதவியல் கல்லூரியின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டி, அக்குபங்சரை நிபந்தனையோடுதான் பரிந்துரைக்கிறது. மெல்ல அசைந்து செய்யும் சீன உடற்பயிற்சியான தாய் சியையோ உறுதியாகப் பரிந்துரைக்கிறது. முழங்கால் தேய்மானம் கொண்ட 204 பேரிடம் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வாரம் இருமுறை பன்னிரண்டு வாரம் தாய் சி செய்தவர்கள், இயன்முறை சிகிச்சை பெற்றவர்களுக்கு இணையாகத் தேறியிருந்தார்கள். முதியோர் தடுமாறி விழுவதையும் அது குறைக்கிறது. மருந்தோடு மோதாது, மணிக்கட்டில் யாரும் விரல் வைக்க வேண்டியதுமில்லை. எங்கள் வட்டாரத்தில் காலை ஏழு மணிக்குச் சமூக மன்றத்தின் முன்வெளியில் சீனப் பாட்டிமார்களோடு செய்யலாம்.

அம்மா இப்போது வாரம் மூன்று நாள் அங்கே போகிறார்; முழங்காலை ஓரளவுக்கு மேல் மடக்க வேண்டாம் என்று ஆசிரியை அவரிடம் கைச்சாடையில் சொல்லிக் கொடுக்கிறார். கூடவே, பதிவேட்டில் பெயர் இருப்பதைச் சரிபார்த்த வேறொரு சின்சேயிடம் ஊசியும் தொடங்கியிருக்கிறோம். மாத்திரைகளின் பட்டியலை முதல் நாளே அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆறு அமர்வுகளுக்குப் பிறகும் படியேறுவதில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவது என்று மூவருமாகப் பேசி வைத்திருக்கிறோம். இதுவரை நான்கு முடிந்திருக்கின்றன.