பள்ளிக்கரணைப் பக்கம் ‘அப்ரூவ்டு மனை’ என்று அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டி மனையோ ஃபிளாட்டோ பார்த்துக்கொண்டிருப்பவர்கள் டோக்கன் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் 15 லட்சம் ரூபாயைக் கொடுத்துவிட்டு இன்றைக்கும் அலைந்துகொண்டிருக்கிறோம். புரமோட்டரின் பெயரை இங்கே எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. ஆனால் அவர்கள் சொன்ன ஒவ்வொரு பொய்யையும் எழுதுகிறேன். அதே பொய்களை வேறு ஆட்களும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

2025 மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை வேனில் அழைத்துப் போனார்கள். அரை கிரவுண்டு மனை, மொத்தம் 84 லட்சம். சிவப்பு கிராவல் கொட்டி, எண் எழுதிய கல் நட்டு, தார் ரோடு போட்டு, இடம் பளிச்சென்று இருந்தது. என் மனைவி மட்டும் மனை ஓரத்தில் குனிந்து, குச்சியால் கிராவலைக் கிளறிப் பார்த்தாள். நாலு விரல் ஆழத்தில் கறுப்புக் களிமண். அதில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள். “இது குளத்து மண் மாதிரி இருக்கே?” என்றாள். “மெட்ராஸ்ல எங்க தோண்டினாலும் இதுதான் மேடம்” என்று எங்களை அழைத்துப் போன புரமோட்டரின் ஆள் சிரித்தார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு கைப்பிடி மண் சொன்னதை மட்டும் நான் கேட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

கொஞ்ச தூரத்தில் சம்புப் புல் தெரிந்தது. “சதுப்புநிலம் பக்கத்திலேயே இருக்கே, பிரச்சினை வராதா?” என்று கேட்டேன். உடனே போனில் மேப்பை எடுத்து அளந்து காட்டினார். “தண்ணி அங்க இருக்கு சார், நாம இங்க இருக்கோம், 100 மீட்டருக்கு மேல. ரூல் வெறும் 50 மீட்டர்தான்.”

இதுதான் முதல் பொய். பாதி உண்மை என்பதால் நம்பிவிட்டோம். 50 மீட்டர் என்று ஒரு விதி இருப்பது நிஜம். 2017-ஆம் ஆண்டு ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் சதுப்புநிலத்தைச் சுற்றி அந்த அளவுக்குள் நிரந்தரக் கட்டடம் கட்டக்கூடாது என்கின்றன. ஆனால் அந்த 50 மீட்டரை எங்கிருந்து அளப்பது? மார்ச் மாதத்தில் வற்றிப்போய் ஒதுங்கி நிற்கும் தண்ணீரின் ஓரத்திலிருந்து இல்லை. அந்த விதிகள் அமலுக்கு வந்த 2017-க்கு முந்தைய பத்து வருடங்களில் வெள்ளம் ஏறிய உயர்ந்த மட்டத்தின் சராசரியைப் பிடித்து, அங்கிருந்து அளக்க வேண்டும். அந்தப் பத்து வருடக் கணக்கில் 2015 டிசம்பர் வெள்ளமும் வரும். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்கிற மழை, மேலே உள்ள ஏரிகள் நிரம்பி வழிந்து இங்கேதான் வந்து சேர்கிறது. ஒக்கியம் மடுவு என்கிற வாய்க்கால் வழியாகத்தான் அது பக்கிங்காம் கால்வாய்க்கு வடிய வேண்டும். கோடையில் பார்த்த கோடு ஐப்பசியில் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து வேலியைக் காட்டினார். “வனத்துறை வேலிக்கு வெளியில இருக்கோம் சார், அதோட அவங்க எல்லை முடிஞ்சுது.” இதுவும் அரைகுறைதான். காப்புக்காடாக அறிவித்த பரப்பு ஏறக்குறைய 700 ஹெக்டேர். 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்த பரப்போ 1,247 ஹெக்டேர். வேலிக்கு வெளியிலும் ராம்சார் நிலம் நிறைய இருக்கிறது. வேலியைப் பார்த்து எல்லையை முடிவு செய்யவே கூடாது.

மூன்றாவது விஷயம் எங்களுடைய அசட்டை. பிட் நோட்டீஸில் அப்ரூவல் எண்ணும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணும் போட்டிருந்தார்கள். ரெரா தளத்தில் தட்டிப் பார்த்தேன், எண் இருந்தது. திருப்தியாகிவிட்டேன். ஆறு மாதம் கழித்துத்தான் அந்த அங்கீகார வரைபடத்தை இறக்கி, சர்வே எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எங்கள் மனை இருக்கிற சர்வே எண் அதில் இல்லவே இல்லை. அது முதல் பகுதிக்கு வாங்கிய அனுமதி. எங்களுக்கு விற்றது ‘ஃபேஸ் டூ’. பக்கத்து நிலத்தின் அனுமதி எண்ணைப் போட்டு இதையும் சேர்த்து விற்றிருக்கிறார்கள். எண் நிஜமா என்று மட்டும் பார்த்தால் போதாது, உங்கள் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தையும், கிராம நிலப் பதிவேடான ஏ-பதிவேட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். வில்லங்கச் சான்று கையில் இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். யார் யாருக்கு விற்றார், எங்கே அடமானம் வைத்தார் என்பதைத்தான் அது சொல்லும். அந்த மண்ணில் வீடு கட்டலாமா என்பது அதில் இருக்காது.

பணம் கொடுத்த விதமும் தப்பு. முதலில் ஒரு லட்சம் டோக்கன். அப்புறம் “இந்த வாரத்துக்குள்ள போட்டா பழைய ரேட்” என்று அவசரப்படுத்தி, வெறும் முத்திரைத்தாள் ஒப்பந்தத்தில் 14 லட்சம் வாங்கிக்கொண்டார்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவே கூடாது என்று ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் கணக்கில் அது 8 லட்சத்து 40 ஆயிரம். இது முன்பே தெரிந்திருந்தால் மீதிப் பணமாவது கையில் நின்றிருக்கும்.

செப்டம்பர் 2025-இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவு போட்டது. ராம்சார் எல்லையைக் களத்தில் சரிபார்த்து, அதன் தாக்க மண்டலம் (சதுப்புநிலத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதி) எதுவரை என்று முடிவு செய்கிற வரை, எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டுமானத்துக்குத் திட்ட அனுமதி தரக்கூடாது என்றது. பதறிப்போய் அனுமதி தரும் அலுவலகத்துக்கு ஓடினோம். சர்வே எண்ணைப் பார்த்த ஊழியர், “சார், இந்த ஏரியா ஃபைல் எதையும் இப்ப எடுக்கிறதில்ல” என்றார். முதல் பகுதியில் முறையான அனுமதியோடு மனை வாங்கிய ஒரு குடும்பமும் அன்றைக்கு அங்கே நின்றது. வீட்டு பிளான் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த அம்மாவின் முகத்தை மறக்க முடியவில்லை.

அந்த உத்தரவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது மூன்று வருடம் தாமதமாக வந்ததே என்றுதான் வருத்தம். மாநில அளவில் ஈரநில ஆணையம் இருக்கிறது. சதுப்புநிலத்துக்குள்ளும் அதன் தாக்க மண்டலத்திலும் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று வகுப்பது அதன் பொறுப்பு. உள்ளூரில் அனுமதி கொடுக்கும் இடம் வேறு. சென்னைக்கு நடைமுறையில் இருக்கும் இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2008-இல் வந்தது, ராம்சார் அறிவிப்பு 2022-இல் வந்தது; பழைய திட்டத்தில் புது எல்லை எப்படி இருக்கும்? புது எல்லை, சர்வே எண் வாரியாகத் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு பதிவு அலுவலகத்தின் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அப்படி ஒரு தாள் கண்ணில் பட்டிருந்தால் புரமோட்டர் எந்த மேப்பைக் காட்டினாலும் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம். நீர்க்கோழியும் பூநாரையும் வந்து இறங்குகிற இடத்தின் மேல் கிராவல் கொட்டுவதற்கு எங்கள் சேமிப்பும் போயிருக்கிறது என்று நினைக்கும்போது மனசு வலிக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். முதலில் “ரெண்டு மாசத்துல கோர்ட்ல சரியாயிடும்” என்றார்கள். பிறகு 20 சதவீதம் கேன்சலேஷன் பிடித்தம் என்றார்கள். கடைசியாக, “மதுராந்தகம் பக்கம் எங்க இன்னொரு லேஅவுட் இருக்கு, அங்க மாத்திக்கோங்க” என்றார்கள். இந்தத் தடவை என் மைத்துனர் சர்வே எண்ணை வாங்கிப் பார்த்தார். வேடந்தாங்கல் ஏரியிலிருந்து மூன்றரை கிலோமீட்டர். அந்த ஏரி என்னவோ 30 ஹெக்டேர்தான், ஆனால் 1998 அறிவிப்பின்படி அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் தூரம் வரைக்கும் சரணாலயம். ஒரு சிக்கலிலிருந்து எடுத்து இன்னொரு சிக்கலில் தள்ளப் பார்த்தார்கள். அந்த ஆளிடம் கேட்டபோது பதில் பேசாமல் போனை வைத்துவிட்டார்.

அக்டோபர் மழையில் மனையைப் பார்க்கப் போனேன். தார் ரோடு பாதி வரை தெரிந்தது, அதற்கப்புறம் தண்ணீர். எங்கள் மனைக் கல்லின் தலை மட்டும் மேலே நின்றது. பக்கத்தில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், “வாங்கறதுக்கு முன்னாடி ஐப்பசியில ஒரு தரம் வந்து பாத்திருக்கணும் தம்பி” என்றார். நான் விசாரித்த எந்த வக்கீலும் இதைச் சொல்லவில்லை. நீங்கள் பார்க்கிற மனையை அக்டோபரிலும் நவம்பரிலும் ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். கோடையில் மட்டும் வேன் வைத்து அழைத்துப் போகிறவர்களிடம், மழைக்காலத்தில் வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறதென்று.

இப்போது ரெராவில் புகார் கொடுத்திருக்கிறோம். விளம்பரத்தில் பொய்யான தகவல் கொடுத்தால் 12-ஆம் பிரிவின்படி வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று வக்கீல் சொன்னார். கையில் ஆதாரமாக இருப்பது பிட் நோட்டீஸ், வங்கிப் பரிமாற்றக் கணக்கு, “50 மீட்டர்தான் ரூல்” என்று அந்த ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு, இவ்வளவுதான். இதே ‘ஃபேஸ் டூ’ மனைகளுக்குப் பணம் கட்டியவர்கள் அந்தக் குரல் பதிவுகளை அழித்துவிடாதீர்கள், போன் மாற்றினாலும் பத்திரமாக எடுத்து வையுங்கள். அடுத்த விசாரணைக்கு எங்களோடு இன்னும் நான்கு குடும்பங்கள் வருகின்றன.