தீத்தடுப்புக் குழு எங்கே நிற்க வேண்டும்: இரண்டு கணக்குகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம் மலைகளுக்குத் தீத்தடுப்புக் குழு நிறுத்த இரண்டு கணக்குகள் உண்டு.

1974-இல் ஆய்வாளர்கள் சர்ச்சும் ரெவெல்லும் தந்த அதிகபட்சப் பரப்புக் கணக்கு, நாம் வைக்கும் நேர வரம்புக்குள், இங்கே 30 நிமிடத்துக்குள், எட்டும் ஆபத்துப் பகுதிகளைக் கூட்டி, கூட்டுத்தொகை அதிகமாக வரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும். 31 நிமிடத்தில் கிடக்கும் காய்ந்த புல்மேட்டுக்கு மதிப்பே பூச்சியம்.

சராசரி நேரத்தைக் குறைக்கும் கணக்கில் அந்த 30 நிமிட வெட்டு இல்லை. ஆனால் ஒதுங்கிய சரிவைக் கைவிட்டுவிடும்.

தீ சிறிதாக இருக்கும்போதே போய்ச் சேருவதுதான் முக்கியம் என்பதால் முதலாவதே மேல். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று விழும் சரிவுகளுக்கு மட்டும் வரம்பை 20 நிமிடம் ஆக்குங்கள்.

எதுவானாலும் நேர்கோட்டுத் தூரத்தைக் கொடுத்தால் விடை பொய்யாகும். ஜீப் நிற்குமிடத்திலிருந்து நடையைக் கணக்கிடுங்கள்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. சருகை ஊதித் தள்ளும் ப்ளோயரும் தண்ணீர்க் கேனும் சுமந்தால் அதற்கும் மேல்.