கடைசிப் பக்கத்து ஷரத்து: எரிசக்தி சாசனமா, இந்தியாவின் 2016 மாதிரியா?

சாயல்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் புஞ்சை உண்டு. பாதிக்கு மேல் சீமைக்கருவேலம். இரண்டு சோலார் கம்பெனிகள் குத்தகைக்குக் கேட்டு வந்தன. இரண்டு பத்திரமும் ஏறக்குறைய ஒன்றுதான், கடைசிப் பக்கம் வரை. ஒன்றில், குத்தகையை முறித்தாலும் கம்பெனியின் உரிமை பத்து வருடம் தொடரும், தகராறு வந்தால் மும்பையில் நடுவர். மற்றதில் ஆறு மாத நோட்டீஸ், ராமநாதபுரம் கோர்ட். சித்தப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலை வைத்தார்: "முறிச்ச பிறகும் பத்து வருசமா? அப்ப முறிக்கிறதுன்னா என்னப்பா?" வாடகை குறைவுதான் என்றாலும் இரண்டாவதில் கையெழுத்துப் போட்டோம்.

அதிலிருந்து நாடுகள் போடும் ஒப்பந்தங்களிலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். ஐரோப்பாவை மையமாகக் கொண்ட எரிசக்தி சாசன ஒப்பந்தம் 1994-ல் கையெழுத்தானது. எண்ணெய், மின்சாரம் போன்றவற்றில் பணம் போட்ட வெளிநாட்டுக் கம்பெனி, அரசின் மீதே சர்வதேச நடுவரிடம் வழக்குப் போட அது வழி தருகிறது. இந்தியா அதில் இல்லை. இன்னொன்று, இந்தியாவின் 2016 மாதிரி முதலீட்டு ஒப்பந்தம், அதாவது மற்ற நாடுகளோடு முதலீட்டு ஒப்பந்தம் பேசும்போது இந்தியா முன்வைக்கும் வரைவு. சொத்தைப் பறித்தால் இழப்பீடு என்பதெல்லாம் இரண்டிலும் உண்டு, அதை விடுங்கள்.

சாசனத்திலிருந்து ஒரு நாடு விலகினாலும், அதுவரை வந்த முதலீட்டுக்கு 20 ஆண்டு பாதுகாப்பு தொடரும். இத்தாலி 2016 தொடக்கத்திலேயே வெளியேறிவிட்டது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் புது எண்ணெய்த் திட்டங்களுக்குத் தடை போட்டதால், ராக்ஹாப்பர் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. நிறுவனம் வழக்குப் போட்டது 2017-ல். 2022-ல் நடுவர்கள் 19 கோடி யூரோ கொடுக்கச் சொன்னார்கள். 2025-ல் அந்தத் தீர்ப்பு ரத்தானது உண்மை. ஆனால் ரத்தானதற்குக் காரணம் நடுவர் குழு அமைந்த விதம், 20 ஆண்டு ஷரத்து அப்படியேதான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமே 2025 ஜூனில் விலகிவிட்டது. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த பழைய முதலீடுகளுக்கு இந்தப் பாதுகாப்பு வால் 2045 வரை நீள்கிறது.

2016 மாதிரியில் இந்த வால் 5 ஆண்டு. வெளிநாட்டு நடுவரிடம் போகுமுன் நம் நீதிமன்றங்களில் 5 ஆண்டு முயன்று பார்த்திருக்கவும் வேண்டும். 2024-ல் அமீரகத்தோடு நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் இந்த நீதிமன்றக் காலத்தை 3 ஆண்டாகக் குறைத்துவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

நம் கரைக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2025-ல் நம் மாவட்டத்தில் ஹைட்ரோகார்பன் சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள், எதிர்ப்பு வந்ததும் மாநில அரசு திரும்பப் பெறச் சொன்னது. கேட்டது பொதுத்துறை நிறுவனம், சரி. அந்த இடத்தில் சாசனத்தைக் கையில் வைத்திருக்கும் வெளிநாட்டுக் கம்பெனி இருந்திருந்தால், அரசு வாய் திறக்குமுன் வக்கீலைக் கேட்டிருக்கும்.

சாசனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சோலாருக்குத் தருவதாகச் சொன்ன சலுகையை ஸ்பெயின் வெட்டியபோது, முதலீட்டாளர்கள் போய் நின்றது அங்கேதான். இங்கே 2019-ல் ஆந்திர அரசு காற்றாலை, சோலார் மின்சார விலையைக் குறைக்கப் பார்த்தது. கம்பெனிகளுக்கு உயர் நீதிமன்றத்தில் முழு நியாயம் கிடைக்க 2022 ஆகிவிட்டது. கடன் வாங்கிப் பேனல் போட்டவருக்கு அது நீண்ட காலம். அப்படியும் நான் 2016 பக்கம்தான்.

எங்கள் பத்திரத்துக்கு இப்போதுதான் இரண்டு வயது. கம்பெனி கிளம்பும் நாளில் ஆறு மாதம் போதுமா, கான்கிரீட் அடித்தளங்களை யார் பெயர்ப்பது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அடித்தளத்தைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. சித்தப்பா அதில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.