எலும்பு மஜ்ஜை மாற்று வார்டும் ஒரு ஸ்டெம் செல் கிளினிக்கும்: ஊருக்குப் போனபோது பார்த்தது

இந்த முறை ஊருக்குப் போனதில் பெரும்பகுதி ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. அக்கா மகனுக்கு ரத்தப் புற்றுநோய், வயது 13. அவன் தங்கை கொடுத்த எலும்பு மஜ்ஜையை ஏற்றிய பிறகு முதல் மாதம் நன்றாகவே போனது. அப்புறம் உள்ளங்கையில் சிவப்புத் தடிப்பு, தொடர்ந்து வயிற்றுப்போக்கு. ஜிவிஎச்டி என்றார்கள். டோனரிடமிருந்து வந்த டி செல்கள் (கிருமிகளை எதிர்க்கும் ஒரு வகை ரத்த வெள்ளணுக்கள்), தாங்கள் வந்து சேர்ந்த உடம்பையே அந்நியம் என்று நினைத்துத் தோல், குடல், ஈரலைத் தாக்குவது. சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு உடம்பு புது உறுப்பை நிராகரிக்கும் என்று கேள்விப்பட்டிருப்போம். இங்கே தலைகீழ்.

முதல் மருந்து ஸ்டீராய்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது போதிய பலன் தருவதில்லை. இவனுக்கும் ஒரு வாரம் கொடுத்துப் பார்த்துப் பலனில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தார்கள்: "ஸ்டெம் செல் போட்டாச் சரியாயிடுமாமே?" அத்தான் ஒரு கிளினிக்கின் துண்டுச்சீட்டோடு வந்து நின்றார். சரி, போய்த்தான் பார்ப்போம் என்று நானும் கிளம்பினேன்.

வரவேற்பெல்லாம் பிரமாதம். ஆனால் மூட்டுவலி, சர்க்கரை, ஆட்டிசம், ஜிவிஎச்டி எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்று சுவரில் எழுதியிருந்தபோதே எனக்கு உறுத்தியது. யாருடைய செல் என்றேன். பையனின் கொழுப்பிலிருந்தே எடுத்துவிடலாம் என்றார்கள். எத்தனை செல், அதில் உயிரோடு இருப்பவை எவ்வளவு, கிருமி இல்லையென்று யார் பரிசோதிக்கிறார்கள் என்று கேட்டதற்கு ஒரு தாளும் காட்டவில்லை. வார்டு டாக்டரிடம் பேசுவீர்களா என்றால், "அவங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்ல சார்." எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் பிள்ளையின் ரத்தத்தில், பரிசோதனைத் தாள் இல்லாத எதையோ ஏற்றுவதா? எழுந்து வந்துவிட்டேன்.

மஜ்ஜை மாற்றுப் பிரிவின் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். அப்படி ஒரு சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது என்றுதான் தொடங்கினார். மெசென்கைமல் செல் என்பது மஜ்ஜையில் இருக்கும் வேறொரு வகைச் செல். ரத்தத்தை உண்டாக்குவது அதன் வேலை இல்லை. அழற்சி இருக்கும் உடம்பில் ஏற்றினால் எதிர்ப்புச் செல்களை அடக்கும் பொருட்களைச் சுரக்கிறது. ஏற்றியவை பெரும்பாலும் நுரையீரலில் சிக்கிச் சீக்கிரமே அழிந்துவிடுகின்றன, ஆனாலும் விளைவு நீடிக்கிறது. குடலில் போய் ஒட்டிப் புதுக் குடலாக வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்றார். டோனர் பொருத்தமும் தேவையில்லை.

2004-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் கத்தரீனா லு பிளாங்க் குழு, எந்த மருந்துக்கும் அடங்காத ஒரு 9 வயதுச் சிறுவனுக்கு அவன் அம்மாவின் மெசென்கைமல் செல்களைக் கொடுத்துப் பிழைக்க வைத்தது. அதன் பின் பாதை ஒன்றும் நேராக இல்லை. பெரியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு இலக்கைத் தொடவில்லை. 2012-இல் கனடா குழந்தைகளுக்கு மட்டும் நிபந்தனையோடு அனுமதித்தது, 2015-இல் ஜப்பானும் அனுமதி கொடுத்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-இலும் 2023-இலும் திருப்பி அனுப்பி, கடைசியில் 2024 டிசம்பரில்தான் ரையான்சில் என்ற பெயரில் அனுமதித்தது. ஸ்டீராய்டுக்கு அடங்காத 54 குழந்தைகளில் 28-ஆம் நாள் 70 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்திருந்தது. அனுமதி 2 மாதம் முதல் உள்ள குழந்தைகளுக்கு மட்டும். எடையில் கிலோவுக்கு 20 லட்சம் செல், வாரம் இருமுறை, நான்கு வாரம்.

இதில் ஒரு தொல்லை, டோனருக்கு டோனர் செல்லின் தரம் மாறும். அதிகம் பெருக்கினால் அதன் வலுவும் குறையும். அதனால்தான் ஆய்வகத்தில் மாற்றியமைத்த செல்கள் மேல் இப்போது கவனம். ஜப்பானிய விஞ்ஞானி யாமனாக்கா 2006-இல் காட்டிய வழியில், வளர்ந்த செல்லைப் பின்னோக்கித் திருப்பி, எதுவாகவும் மாறக்கூடிய நிலைக்குக் கொண்டுபோய், அதிலிருந்து மெசென்கைமல் செல்களை உருவாக்குகிறார்கள். ஒரே டோனர் போதும். அப்படி உருவாக்கியதை 15 பெரியவர்களுக்குக் கொடுத்த முதல் கட்ட ஆய்வு 2020-இல் வந்தது. பாதுகாப்பில் பெரிய குறை தெரியவில்லை. எனக்கு அதைவிட வியப்பாக இருந்தது இன்னொன்று: நோயாளிக்குக் கொடுக்கும் டோனரின் டி செல்லுக்குள்ளேயே ஓர் அணைக்கும் சுவிட்சை வைத்து அனுப்புவது. 2011-இல் வந்த ஆய்வில், ஜிவிஎச்டி தலைகாட்டியதும் ஒரு மருந்தைச் செலுத்த, அரை மணி நேரத்தில் அந்த டி செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தன.

"அப்போ இவனுக்கு எப்ப போடலாம்?" என்று அத்தான் இடையில் புகுந்தார். டாக்டர் சிரித்தார். முதலில் ருக்ஸோலிடினிப். ஸ்டீராய்டு கேட்காத 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அமெரிக்காவில் 2019 முதலே அனுமதி உள்ள மாத்திரை. அதே சமயம் செல்லுக்கான விண்ணப்பத்தையும் எழுத ஆரம்பிப்போம் என்றார். செல்கள் திரவ நைட்ரஜனில் உறைந்தே வரும். அதை வைக்கத் தொட்டி, உருக்கி உடனே ஏற்றத் தெரிந்த ஆட்கள், ஏற்றும்போது ஒவ்வாமை வந்தால் சமாளிக்கும் ஏற்பாடு எல்லாம் வேண்டும். அந்தத் தொட்டியை ரத்த வங்கியில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். கிளினிக்கில் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

நர்ஸ்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை போகும் மலத்தையும் மில்லியில் அளந்து எழுதினார்கள். முகம் சுளிக்கும் வேலை, ஆனால் குடலில் ஜிவிஎச்டி எந்த நிலையில் இருக்கிறது என்று முடிவு செய்வதே அந்தக் கணக்கை வைத்துத்தான். எங்கள் அக்காவும் பழகிக்கொண்டாள். குறை இல்லாமல் இல்லை. ராத்திரியில் வார்டு எண்ணுக்கு அடித்தால் எடுக்க ஆளில்லை. சிகிச்சைக் குறிப்பு முழுக்கக் கையெழுத்தில் இருந்ததால், வெளிநாட்டில் இருக்கும் இன்னொரு டாக்டரிடம் காட்ட நானே உட்கார்ந்து டைப் செய்ய வேண்டியிருந்தது. மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, வைரஸ் பரிசோதனை முடிவு இவ்வளவாவது அச்சில் வாங்கி வையுங்கள்.

நான் திரும்பும்போது மலத்தின் அளவு பாதியாகக் குறைந்து, தோல் தடிப்பும் மங்கியிருந்தது. செல் தேவைப்படவில்லை. அப்படியானால் விண்ணப்பத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் டாக்டர்; ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டு வரும்போது ஜிவிஎச்டி திரும்பத் தலைதூக்குவது உண்டாம், அதை முழுதாக நிறுத்தும்வரை அந்தக் கோப்பு திறந்தே இருக்கட்டும் என்றார்.